கடையநல்லூர் அட்டை டிக்கெட்

போன வாரம் தென்காசிக்குப் புறப்பட்டோம். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மகள் போனிலேயே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். "அவ்வளவுதானாம்மா?" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். அப்போது அட்டை டிக்கெட். இரண்டு விரல் அகலம், பழுப்பு நிறம். ஊர்ப்பெயரும் நம்பரும் அச்சாகியே வரும். தேதி மெஷினில் சொருகித் தள்ளினால் 'டக்'கென்று தேதி விழும். அந்த மையும் எண்ணெயும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. அந்த வாடையோடு பெண் பார்க்கப் போய், பெண் மூக்கைப் பொத்தியது தனிக் கதை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மேதாவி நான். ஒருநாள் பஸ் ஸ்டிரைக். பஸ் கூட்டமெல்லாம் ரயிலுக்கு வந்ததில் கடையநல்லூர் அட்டைகள் தீர்ந்துபோயின. பீரோவிலிருந்து புது டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்தேன். நம்பர் வரிசை சரிபார்க்காமல் விற்கக் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ரயில் வந்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"அண்ணாச்சி, எங்க மாப்ள நேத்துதான் பம்பாய்லருந்து வந்தாஹ. பதினோரு மணிக்குச் சவுதிக்குக் கெளம்புதாஹ. நான் பேறுகாலத்துக்கு இங்கன வந்தவ. பஸ் ஓடாததால அவுஹளால இங்கன வர முடியல. தன் புள்ள மொகத்த இன்னும் பாக்கல."

"இருங்கம்மா, நம்பர் பாக்கணும்லா."

"டிக்கெட் இல்லாமயே ஏறிக்கிடுதேன். அங்கன போயி அபராதம் கெட்டுதேன்."

"அது தப்பும்மா. நில்லுங்க."

நின்றாள், இந்தப் பாவியின் பேச்சை நம்பி. நான் அட்டையை நீட்டும்போது ரயில் நகர்ந்துவிட்டது. அடுத்த ரயில் சாயங்காலம்தான். குழந்தையை அணைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடி, அங்கேயே உட்கார்ந்து கதறினாள். அந்த டிக்கெட் கட்டில் ஒரு நம்பர்கூடக் குறையவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுடைய தகப்பனார் கடையநல்லூருக்கு டிக்கெட் கேட்டு வந்தார். போர்ட்டர்தான் அவரை இன்னார் என்று சொன்னார். "மருமவன் ஊருக்குத் திரும்பாமலே சவுதியில மவுத்தாயிட்டாரு" என்றார் பெரியவர். மவுத்து என்றால் சாவு. அன்று நம்பர் பார்த்தவன் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேதி குத்தி நீட்டினேன்.

இப்போது அட்டையும் இல்லை, அந்த மீட்டர் கேஜ் தண்டவாளமும் இல்லை. தேதி மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மகள் போனைப் பைக்குள் போட்டாள். இத்தனை சுலபமான காரியத்துக்கா ஒரு தகப்பன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போனான்?