தறிக்குழிக்குள் இறங்கிய தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி சிவகிரியிலிருந்து தென்காசிக்கு வந்தேன். கணவர் குமாஸ்தா. வாடகை வீட்டின் பின்கட்டில் ஓர் அங்கணம். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கேதான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் நெசவாளரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஆனி மாதம், குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் அந்த அக்கா வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, கோவிச்சுக்கிடாதீய. எங்க தறிக்குழியில தண்ணி நிக்குது. மழத்தண்ணின்னுதான் நெனச்சோம். பாத்தா சீயக்காச் சக்கை மிதக்குது.”

போய்ப் பார்த்தேன். நெசவாளர் கால்களை இறக்கி மிதிக்கிற குழி அது. மண்சுவரில் இருந்த எலிவளை வழியாக எங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஈரத்தில் நூல் பிசுபிசுத்து, பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. நெசவாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுச் சொந்தக்காரரிடம் கணவர் போய்ச் சொன்னார். மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்றாராம். எலிவளையை நாங்களே அடைத்தோம். ஆனாலும் சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அங்கணத்துத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, வாளி வாளியாகத் தெருச் சாக்கடைக்குச் சுமந்தேன். அப்போது எனக்கு ஆறு மாதம்.

அதைப் பார்த்துவிட்டு அக்கா ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார்.

“ஏட்டி, வயித்தில பிள்ளைய வச்சுக்கிட்டு இதச் சுமக்கியா? இப்படித் தூக்கித்தான் எனக்கு ஒண்ணு தங்காமப் போச்சு.”

அதுவரை என்னிடம் மரியாதையாகப் பேசியவர், முதல்முறை ‘ஏட்டி’ என்றார்.

மறுநாள் நெசவாளரே மண்வெட்டியோடு வந்தார். “தறிதான் ஓடலயே. சும்மா இருக்கதுக்கு இத வெட்டுவோம்” என்றார். சுவரை விட்டு விலகி, கொல்லை மூலைவரை வாய்க்கால் வெட்டி, உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்தார். கணவர் மண் அள்ளிப் போட்டார். தண்ணீர் போய்ச் சேரும் மூலையில் நட, அக்கா ஆய்க்குடியிலிருந்து வாழைக்கன்றுகள் கொண்டுவந்தார்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க் கைக்குழந்தையோடு திரும்பினேன். வாழை சுவரைத் தாண்டி நின்றது. கணவர் ஒற்றை ஆள் குளிக்கிற தண்ணீரில் இப்படி வளருமா?

“அவுக குளிக்குத தண்ணி எம்புட்டுக் காணும்? எங்க வீட்டுல அரிசி களைஞ்சது, துணி அலசுனது எல்லாத்தையும் இங்கனதான் ஊத்துனேன்” என்றார் அக்கா. பேசிக்கொண்டே குழந்தையை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

அடுத்த சாரலில் தறிக்குழி காய்ந்தே இருந்தது. தறிச் சத்தம் கேட்டால்தான் என் மகன் பகலில் தூங்குவான். வெள்ளிக்கிழமை தறி ஓடாது. அன்று அழுது வீட்டையே இரண்டாக்கிவிடுவான்.