சிவப்பு நூல் கட்டிய நகவெட்டி

எங்கள் வீட்டில் இரண்டு நகவெட்டிகள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று அப்பாவுக்கு மட்டும். அதன் ஓட்டையில் அத்தை சிவப்பு நூல் கட்டியிருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. புருஷனோடு வாழ்ந்தது போதும் என்று எங்கள் ஊர் ஒதியம்பட்டுக்கே திரும்பி வந்தவள், பாண்டியில் ஒரு பியூட்டி பார்லருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். வாரமெல்லாம் வசதியான பெண்களின் கால் நகங்களைத் திருத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு அப்பாவின் காலைப் பிடித்துக்கொள்வாள்.

அப்பாவுக்குச் சுகர். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைவரை நடந்துவிடுவார். தெருப் பிள்ளைகள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம். எங்களுக்கு அது வேடிக்கை. அத்தை மட்டும் சிரிக்கமாட்டாள்.

நகம் திருத்தும் சாமான்களைச் சுத்தம் செய்வது என் வேலை. நகம் பட்ட எதையும் அம்மா அடுப்படிக்குள் விடமாட்டாள். அதனால் பின்பக்கம் வெந்நீர் அடுப்பில், நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தில் நகவெட்டியையும் அரத்தையும் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். துடைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இடுக்கெல்லாம் ஒற்றி, காய்ந்தபின் டப்பாவில் வைக்கவேண்டும். எட்டு வயதில் அந்த உத்தியோகத்தில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

கர்வம் தலைக்கேறி, ஒரு சனிக்கிழமை எங்கள் நாய்க்குட்டிக்கும் நகம் திருத்தினேன். கூர்மையாக இருந்தது சிவப்பு நூல்காரன்தான். மறுநாள் அத்தை டப்பாவைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது. குளிக்க மூட்டிய அடுப்பு அணைந்து கிடந்தது. மறுபடி மூட்டினால் ஏன் என்று கேட்பார்கள். பாத்திரம் தேய்க்கும் சாம்பலைப் போட்டு நகவெட்டியைத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. பளபளத்தால் சுத்தம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பாவாடையில் துடைத்தேன்.

“கொதிக்க வெச்சியாடி?”

“வெச்சேன் அத்த.”

அப்பாவின் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அத்தை பதறிப்போய் அழுதபடியே மருந்து வைத்துக் கட்டினாள்.

“எனுக்கே ஒண்ணும் தெரில, நீ இன்னாத்துக்கு அழுவுற?” என்று சிரித்தார் அப்பா.

பத்தே நாளில் விரல் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவரை யார் வாட்ச்மேன் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? அப்பா பார்த்துவந்த அந்த வேலையும் போயிற்று.

“ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்து வெட்டுற. கூடப் பொறந்தவரு காலுதான் உனுக்கு எளக்காரமா பூடுச்சா?” என்றாள் அம்மா.

“நான்தான் ஆழமா வெட்டிட்டேன் அண்ணி” என்றாள் அத்தை. கதவுக்குப் பின்னால் நின்ற நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. பாண்டியிலேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள்வதாக அத்தை கிளம்பினாள். துணிகளைப் பையில் அடைத்தபின், ரத்தம் வந்த அன்றைக்கு மூடியபடியே கிடந்த டப்பாவைத் திறந்தாள். நகவெட்டியின் பிடியைத் தூக்கித் திருப்பினாள். இடுக்கிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. ஊசியால் நெண்டியதில் செம்பட்டையாக இரண்டு மயிர் வந்தது. வாசலில் படுத்திருந்த குட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அத்தை அந்த மயிரை விரலில் உருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அவளே அடுப்பை மூட்டி, நகவெட்டியைக் கொதிக்கவைத்து, ஸ்பிரிட் ஒற்றி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இனிமே உங்கப்பாவுக்கு நீதான் பாத்துக்கணும். கொதிக்க வெக்காம தொடாத, இன்னா?”

தலையாட்டினேன். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்து நின்றார். அத்தை பஸ் ஏறிப் போனாள். திட்டக்கூட இல்லையே, அவளுக்கு எதுவும் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினேன்.