செவ்வாய்க்குப் போகாத வளையங்கள்

மலேசியாவின் ஜோகூர் வெயிலில், தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போவதை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆயர் ஈத்தாம் பக்கம் இருக்கும் எங்கள் தொழிற்சாலை, செவ்வாய்க்கு ஆளில்லாக் கலம் அனுப்பப்போவதாகச் சொன்ன ஒரு தனியார் நிறுவனத்துக்கு உலோக வளையங்கள் செய்தது. அவற்றில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. திண்டுக்கல்லில் பம்பு கம்பெனியிலும் இதைத்தான் செய்தேன். அங்கே பார்த்துக்கொடுத்த பொருள் மறுநாள் லாரி ஏறிவிடும். இங்கே அலமாரியிலேயே கிடந்தது.

கலம் கிளம்பியதும் என் ஒப்பந்தம் முடியும், ஊருக்குப் போய்ச் செந்திலைக் கல்யாணம் செய்துகொள்வது என்று இரு வீட்டிலும் பேசியிருந்தார்கள். நாள் நெருங்கியபோது மேற்பார்வையாளர் ரசாக் என் மேசைக்கு வந்து, முகம் வாடி, "தங்கு, தங்கு" என்றார். மலாய்க்காரர், எனக்காகத் தமிழ் பேசி, இருக்கச் சொல்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். அன்றே செந்திலுக்குப் போன் செய்தேன். "இருக்கச் சொல்றாங்க, மறுக்க முடியல." வேலை அனுமதியை நீட்டிக்கவும் எழுதிக்கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் இதை மேரி அக்காவிடம் சொன்னேன். லாபிஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் தமிழ்க் குடும்பத்துக்காரர், என்னோடு வேலை செய்பவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அலமாக்! அது தமிழ் இல்ல லா. மலாய்ல தங்குன்னா தள்ளி வெச்சாச்சுன்னு அர்த்தம். ராக்கெட்டத்தான் சொல்லியிருக்காரு, உன்னய இல்ல."

நானும் சிரித்தேன். "செவ்வாயால கல்யாணம் தள்ளிப்போகும்பாங்களே, இதானா?" என்று அவர் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அப்போதே கிளம்பியிருக்கலாம். செந்திலிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

பூமியும் செவ்வாயும் வாகாக அமைய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அந்தக் காலமும் வந்தது. மறுபடி தங்கு. போன மாதம் ரசாக் வேறு சொல் சொன்னார்: பத்தால். ரத்து என்று அர்த்தம் கேட்கத் தேவையிருக்கவில்லை, அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வேறு பிரிவுக்கு வருகிறாயா என்று அவர் கேட்க, சரி என்றேன்.

அன்று சாயங்காலம் செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உன்னை யாருமே இருக்கச் சொல்லலையா?"

"இல்லங்க."

"பின்ன ஏன் இருந்த?"

கடைசியில் அவரே, "தையில வந்துடு. இனிமே தள்ள வேணாம்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

நேற்று டிக்கெட் எடுக்கப் போனேன்.

"போறது எப்பக்கா, திரும்புறது எப்ப?" என்றாள் கடைப்பெண்.

"ஜனவரியில திரும்பணும்மா."

"அப்ப அதுக்கு முன்னாடி போகணும்ல லா? போற தேதி சொல்லுங்க."

திரையில் போவது, திரும்புவது என்று இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. எதில் ஜனவரியைப் போடச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.