மேல்வரிசையில் நாலு பல்

ஐம்பதுகளின் நடுவில், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், கிரேன் சங்கிலி ஒன்று துள்ளி வந்து வாயில் அடித்தது. மேல்வரிசையில் நாலு பல் போயிற்று. வயது இருபத்து மூன்று. பல்செட் கட்டிக்கொண்டேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைக் கெடுத்தது.

அந்த நாளில் ஒரு பெண்ணைத் தெரியும். புத்தூரில் டீச்சர். வீடு ஸ்ரீரங்கம். பஸ்ஸில் பழக்கமாகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் காவிரிப் பாலத்தில் சேர்ந்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு வருஷம் அவள் எதிரில் காப்பியைத் தவிர எதையும் நான் வாயில் வைத்ததில்லை. முறுக்கை நீட்டினால் வயிறு சரியில்லை என்பேன்.

"உங்களுக்கு என்னைக்குத்தான் வயிறு சரியா இருக்கும்?" என்று கேலி செய்வாள்.

ஒரு மார்கழி சாயங்காலம் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். முன்பு தனக்கு நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

"உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. உங்களுக்கு ஏதாவது என்கிட்ட சொல்லணுமா?"

நாக்கு நுனியால் செட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்கு என்ன இருக்கு சொல்றதுக்கு?"

அவள் முகம் தெளிந்தது. "அப்பாகிட்ட சொல்லிட்டேன். பொங்கலன்னிக்கு சாப்பிட வாங்க. எங்க வீட்ல கரும்பு கடிக்காம யாரையும் எந்திரிக்க விடமாட்டாங்க" என்று சிரித்தாள்.

பொங்கலன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீரங்கத்தில் இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பினேன். கரும்புக்குப் பயந்தவன் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. கரும்புக்கா பயந்தேன்? என் பொக்கை வாயைப் பார்த்த பிறகும் அவளுக்கு என்மேல் பிரியம் இருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் பயந்தேன்.

பத்து நாளில் கடுதாசி வந்தது. இரண்டே வரி. 'நிச்சயம் நின்றுபோனதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னது என் தப்பு.'

அது காரணமில்லை என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போட்டால் எது காரணம் என்றும் எழுதவேண்டுமே. பேசாமல் இருந்துவிட்டேன். இன்றுவரை அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். என்னைப்போல ஒரு கயவனை நான் பார்த்ததில்லை.

பிறகு உப்பிலியபுரத்தில் பெண் பார்த்தார்கள். முதல் நாளே, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "எனக்கு முன்பல்லு நாலும் கட்டுப்பல்லுங்க" என்றேன். நாக்குக் கூசவில்லை. வேண்டாமென்றிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர்கள் வேண்டாமென்று சொல்லவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தனை பேரு இருக்கறப்ப எப்படிங்க பட்டுனு சொன்னீங்க?"

"உன்கிட்ட சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்?"

அதை அவள் பிரியம் என்று எடுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் எனக்காகச் சோற்றைக் குழைய வடித்திருந்தாள்.