அரிசித் தொட்டியா, அரசித் தொட்டியா

மலைமேல் இருந்த ஐந்து குடியிருப்புகளுக்கும் கடிதம் கொண்டுபோகிறவள் அவள். எல்லோருக்கும் தபாலக்கா. பதினாறு வருடமாக அவள் நடக்கும் ஒற்றையடிப் பாதையோரம், புதருக்குள், இடிந்த மதிலும் படிகளோடு ஒரு கல்தொட்டியும் கிடந்தன. மதியம் அந்தப் படியில்தான் பையை இறக்கி வைத்துச் சாப்பிடுவாள். யார் கட்டியது என்று அவள் யோசித்ததே இல்லை.

ஒருநாள் சுற்றுலாத்துறை அலுவலர் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். மலையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய இடங்களைக் கணக்கெடுக்கிறாராம்.

"இதுக்கு ஊர்ல என்னம்மா பேரு?"

"அரிசித் தொட்டி சார்."

காற்று பேச்சைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் எதையோ எழுதிக்கொண்டு இறங்கினார்.

மூன்றே மாதத்தில் புதர் போனது, பாதை வந்தது, பலகை முளைத்தது: 'அரசித் தொட்டி. அரசி நீராடிய இடம்.' ஞாயிறுதோறும் வேன் வேனாக ஆட்கள். அவள் கணவன் அங்கேயே தேநீர்க் கடை போட்டுவிட்டான்.

"என்னங்க, நான் அரிசின்னுதானே சொன்னேன்?"

"வாயை மூடிட்டு இரு. அரிசி கழுவுன இடத்தைப் பார்க்க எவன் மலை ஏறுவான்?"

அவளுக்கு மனசு ஆறவில்லை. விலாசத்தில் ஓரெழுத்து தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது? நேரே அலுவலகம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அலுவலர் பீரோவிலிருந்து கையால் எழுதிய பழைய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். "உங்க பேச்சை மட்டும் நம்பி எழுதலம்மா. இதைப் பாருங்க."

'சி' தெளிவாக இருந்தது. அதற்கு முந்தைய எழுத்தின்மேல் ஒரு பழுப்புக் கறை. 'ர'வா, 'ரி'யா? எத்தனையோ கிறுக்கல் கையெழுத்தைப் படித்தவள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"அரிசின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவளுக்கு நினைவில்லை. ஒருவேளை தன் காதிலேதான் தப்பாக விழுந்ததோ?

மறுநாள் கடிதம் கொடுத்த வீடுகளில் எல்லாம் விசாரித்தாள். ஒருவர் அரிசி என்றார், ஒருவர் அரசி என்றார். "வெறும் தொட்டின்னுதானே சொல்லுவோம்?" என்று சிரித்தாள் ஒருத்தி.

பலகையில் இப்போது 'அரிசித் தொட்டி என்றும் சொல்வர்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. வருகிறவர்கள் நின்று வாதம் செய்கிறார்கள். கடையில் இரண்டு தேநீர் கூடுதலாகப் போகிறது.

"எது அக்கா உண்மை?" என்று கேட்பவர்களுக்கு அவள் தொட்டியைத்தான் காட்டுகிறாள். "அரிசி கழுவவா இத்தனை பூ செதுக்குவாங்க? சரி, அரசி குளிக்கன்னா, முழங்கால் ஆழம் எப்படிப் போதும்? நீங்களே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல."