மைக் கட்டிச் சொன்ன தேதி

எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாளியில் வைத்தபோது பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் மூக்கைப் பொத்திக் குடித்துப் பழகியிருந்தோம். பசுவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பாசனச் சானல். அதில் தண்ணீர் விடாத மாதங்களில் விடியற்காலை டேங்கர் லாரி வரும். கக்கூஸ் தொட்டிகளில் உறிஞ்சி எடுத்ததைச் சானலில் திறந்துவிட்டுப் போய்விடும். அது மண்ணுக்குள் இறங்கி நேராக என் கிணற்றுக்கு வரும். கேரளத்தில், பாறசாலைக்குத் தெற்கே எங்கள் ஊர், எல்லை கூப்பிடு தூரம். போலீஸ் வருவதற்குள் லாரி தமிழ்நாட்டுக்குள் இருக்கும். பிடித்தாலும் பழைய சட்டத்தில் சின்ன அபராதம்தான். கட்டிவிட்டு மறுநாள் லாரிக்காரன் வருவான்.

அப்போதுதான் சட்டசபையில் புதுச் சட்டம் பாஸானது. தண்ணீரில் கக்கூஸ் கழிவு கொட்டினால் வண்டியையே பிடித்து வைக்கலாம் என்று டிவியில் சொன்னார்கள். நான் பால் கறந்த கையோடு எழுந்து நின்றுவிட்டேன். அந்த வாரமே சானல் கரை ரோட்டில் குறுக்கே கயிறு கட்டி ஒரு லாரியை நிறுத்தினோம். எஸ்.ஐ. வந்தார்.

"வண்டியப் பிடிங்க சாறே. சட்டம் வந்தாச்சுல்லா" என்றேன்.

"பாஸாயி சேச்சி. கவர்னரும் ஒப்பிட்டு. பக்ஷே பிராபல்யத்தில் வந்நிட்டில்ல" என்றார்.

சட்டம் பாஸாகி கவர்னரும் கையெழுத்துப் போட்டாயிற்று, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை என்கிறார். போனில் சட்டத்தின் முதல் பிரிவைக் காட்டினார். அரசு ஒரு தேதியை அரசிதழில் அறிவிக்க வேண்டும், அந்தத் தேதியில்தான் சட்டம் அமலுக்கு வரும் என்று எழுதியிருந்தது. அந்தத் தேதி இன்னும் யாருடைய மேசையிலோ கிடக்கிறது. பழைய அபராதத்தைப் போட்டு லாரியை விட்டார். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, கயித்த அவுருங்கோ. அடுத்த லோடு உண்டு."

பக்கத்து வீட்டு அக்கா நெய்யாற்றின்கரை கோர்ட்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கத்தினேன்.

"சட்டத்த உண்டாக்குறது ஒரு வேல பிள்ளே, அத நடப்பாக்குறது வேற வேல" என்றார். "விதி எழுதணும். யாரு வண்டியப் பிடிக்கணும், எங்க கொண்டு நிறுத்தணும், எல்லாம் தீருமானிக்கணும். பெறவுதான் தேதி."

"அதுவர நாங்க என்னத்தக் குடிக்க?"

"கொதிக்க வச்சுக் குடி."

நான் கொதித்ததுதான் மிச்சம். ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, தெருவில் ஒரு கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். அந்தச் சட்டத்தின் பைலைப் பார்க்கும் ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். பைல் நகர்கிறது என்றார். நான் குப்பியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து, விதிகள் அச்சுக்குப் போய்விட்டன, தேதி சீக்கிரம் வரும் என்றார். ஜன்னல் பக்கமாகவே நின்றுகொண்டு சொன்னார்.

அதற்கப்புறம் அக்கா தினமும் போனில் அரசிதழைத் திறந்து பார்ப்பார். நான் தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பேன். ஒரு நாள் நான் கேட்பதற்கு முன்பே அவர் போனைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தார். "வந்தாச்சு. வாற திங்கக்கிழமையாக்கும்."

பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் என்று எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் எதையும் மைக் கட்டிய ஆட்டோ சொன்னால்தான் நம்புவார்கள். கோயில் கொடியேற்று, சர்ச் பெருநாள், சாவு, எல்லாம் அதில்தான். முதலில் மலையாளத்தில் சொல்லும், பிறகு தமிழில். நாங்களும் ஆட்டோ பிடித்தோம். திங்கட்கிழமை முதல் சானலில் கழிவு கொட்டும் வண்டி பறிமுதல் செய்யப்படும் என்று இரண்டு பாஷையிலும் எல்லை வரை முழக்கினோம். ஜனங்கள் வாசலுக்கு வந்து கைகாட்டினார்கள். திருவிழா தோற்றுவிடும்.

லாரிக்காரனுக்கும் காது உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சானல் கரை ரோடு தொடங்கும் இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கெங்கோ தேங்கிக் கிடந்ததை எல்லாம் கடைசி நாளில் தட்டிவிட வந்திருக்கிறார்கள். சர்ச் விட்டு வந்த பெண்கள் வெள்ளைச் சேலையோடு அப்படியே ஓடி வந்தார்கள். கோயிலுக்குக் கிளம்பியவர்களும் வந்தார்கள். முதல் லாரிக்கு முன்னால் நான் நின்றேன். உள்ளே இருந்தவன் அதே டிரைவர்.

"வழிய விட்டு மாறுங்கக்கா. திங்கக்கிழம முதல்னு நீங்கதானே மைக்குல சொன்னிய? இன்னைக்கு ஞாயிறாக்கும்."

"சட்டம் நாளைக்குத்தான் எலே. கெணறு இன்னைக்கும் எனக்கதாக்கும். கொட்டணும்னா வண்டிய என் மேல ஏத்திட்டுக் கொட்டு."

"இவ மேல ஏறினா டயரு பஞ்சராவும், பாத்துக்க" என்றார் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. டிரைவரும் சிரித்துவிட்டான். ஆனால் இன்ஜினை நிறுத்தவில்லை.

எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். இன்றைக்குப் புதுச் சட்டத்தில் கேஸ் எடுக்க முடியாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு அவரையும் சேர்த்துத் திட்ட வாய் வந்தது. அதற்குள் அவர் திரும்ப ஜீப்பில் ஏறி, அதைச் சானல் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டார்ட் ஆகுந்நில்ல" என்றார்.

அதோடு ஒவ்வொரு லாரியாகப் பின்வாங்கித் திரும்பிப் போனது. இருட்டும்வரை ஒருவரும் கரையை விட்டு நகரவில்லை. பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் அங்கேயே வந்தன.

திங்கட்கிழமை விடியற்காலை ஒருவன் வந்தான். ஆட்டோ சொன்னதைக் கேட்காதவனோ, கேட்டும் நம்பாதவனோ, தெரியாது. குழாயைச் சானலில் இறக்கி வால்வைத் திறக்கும்போதே பிடித்துவிட்டோம். எஸ்.ஐ. புதுச் சட்டத்தின் பிரிவு நம்பரைப் போட்டு எழுதினார். புகாரில் என் கையெழுத்து. லாரி ஸ்டேஷனுக்குப் போனது. நான் வீட்டுக்காரரின் பைக்கில் பின்னாலேயே போய், அது ஸ்டேஷன் மதிலுக்குள் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினேன்.

அன்று மத்தியானமே வாழைத்தோட்டத்து மோட்டாரைக் கடன் வாங்கிக் கிணற்றை இறைத்தோம். இத்தனை நாளும் இறைத்துப் பிரயோஜனம் இருந்ததில்லை, மறுநாளே நாற்றம் வந்துவிடும். அடிச்சேற்றை வாரி, ஊறிய தண்ணீரையும் இறைத்து, மறுபடி ஊறவிட்டு ஒரு வாளி கோரினோம். வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்றார். அவர் மூக்கை நான் நம்பவில்லை. வாளியைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். பசு மூக்கை நனைத்தது, தலையை உதறியது, கொஞ்சம் குடித்து நிறுத்தியது.

"இன்னொரு வட்டம் இறைக்கணும். மோட்டாரப் போடுங்க" என்றேன்.