மச்சான் பொடியும் என் பொடியும்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தேன். என் மனைவியின் தம்பிக்கும் அதே வியாபாரம்தான், பாடாலூர் ரோட்டோரத்தில். மூட்டு வலிக்கு ஆளுக்கொரு பொடி இடித்து விற்றோம். அவன் பொடியை லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி வாங்கிப் போனார்கள். என் பொடியைச் சீந்த ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவன் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

பொடியில் என்ன சேர்க்கிறான் என்று அவனிடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஆள் விட்டு அவன் பொடியை வாங்கி, என்னுடையதில் சரிபாதி கலந்தேன். வியாபாரம் பிடித்துக்கொண்டது. முட்டி வலியில் கஷ்டப்பட்ட என் மனைவிகூட, "இப்பத்தாங்க உங்க பொடி நல்லா கேக்குது" என்றாள். தம்பி கொடுத்ததை அவள் வாயில் வைத்ததே இல்லை. எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் பொடிதான் உசத்தி என்று படித்தவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஆசை. திருச்சி காலேஜில் எலிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் வாத்தியார் ஒருவர் என் வாடிக்கை. இரண்டு பொடியையும் அவரிடம் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். "உங்க மச்சான் பொடி தின்ன எலிக்கு ஒண்ணும் ஆகலீங்க. உங்க பொடி தின்ன எலிக்குத்தான் கிட்னி கெட்டுருக்கு. என்னென்ன சேக்குறீங்க?"

ஒன்றை மட்டும் மறைத்து மற்றதைச் சொன்னேன்.

"இதுல பயப்பட ஒண்ணுமில்லையே" என்று யோசித்தார்.

இங்கேயும் அவனே ஜெயித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன், பாவி. அப்புறம்தான் நினைவு வந்தது. காலையில் மெட்டி இறுக்குகிறது என்று மனைவி சோப்புப் போட்டுக் கழற்றியிருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

அவரிடம் உண்மையைக் கக்கினேன். தனித்தனியாகச் சும்மா இருந்தவை சேர்ந்ததும் கெடுத்திருக்கலாம் என்றார். அன்றைக்கே அவளைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குணமாகும், நாளாகும் என்றார்கள்.

ஏதோ பொடியால் வந்தது என்று தெரிந்து மச்சான் ஓடி வந்தான். அக்கா காலைப் பிடித்துக்கொண்டு, "என் பொடி எதுவும் தின்னியாக்கா?" என்று அழுதான். யார் முன்னும் கூசாமல் அவனால் அழ முடிந்தது. அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள்: "உன் பொடியத் தொட்டதே இல்லடா. உங்க மாமா பொடி மட்டுந்தான்."